ஆட்டுக்குத் தெரியாத செடிகள்

நீங்கள் கேட்டது இது: குளக்கரையில் மேய்ந்துகொண்டிருந்த உங்கள் வெள்ளாடுகளில் மூன்று, ஒரு மாதமாகத் தலையை ஆட்டிக்கொண்டு, பின்னங்கால் தள்ளாடி, மெலிந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துவிட்டன. ஊரில் "ஏதோ விஷச்செடியைத் தின்றிருக்கும்" என்கிறார்கள். ஆனால் ஆட்டுக்கு எது ஆகும், எது ஆகாது என்று ஆட்டுக்கே தெரியாதா? விஷச்செடி, அந்நியச் செடி என்று பயமுறுத்துவதெல்லாம் கொஞ்சம் மிகைதானே?

கால்நடை மருத்துவராக முப்பது வருடத்துக்கும் மேல் வேலை பார்த்துவிட்டு ஓய்வில் இருப்பவன் நான். பாதிக் காலம் கொங்குப் பக்கம், மீதி கண்மாய்க் கரை ஊர்களில். நீங்கள் கேட்ட இதே வார்த்தையை, "ஏனுங்க டாக்டர், ஆட்டுக்குத் தெரியாதுங்களா?" என்று எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் செத்த ஆட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

ஆட்டுக்குத் தெரியும் என்பது பாதி உண்மை. அதற்கு நம் மொழியே சாட்சி. ஆடாதொடை என்று ஒரு செடி, ஆடுதீண்டாப்பாளை என்று இன்னொன்று. ஆடு எதை ஒதுக்குகிறது என்று பார்த்துப் பார்த்து வைத்த பெயர்கள் இவை. எட்டி மரத்தின் கசப்பு, "எட்டி பழுத்தால் என்ன, ஈயாதார் வாழ்ந்தால் என்ன" என்று பழமொழியிலேயே ஏறிவிட்டது. அந்தச் செடியும் அந்த ஆடும் அந்த இடையனும் பல நூறு தலைமுறையாக ஒரே மண்ணில் இருந்தவர்கள். குட்டி தாயின் வாயைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது, மேய்ப்பவர் ஆட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்.

இப்போது வந்தேறிச் செடிகளின் பெயர்களைப் பாருங்கள். சீமைக் கருவேலத்துக்கு ராமநாதபுரம் பக்கம் வேலிகாத்தான் என்று பெயர். வெங்காயத்தாமரையை ஆகாயத்தாமரை என்கிறோம். ஒரு பெயரிலாவது எச்சரிக்கை உண்டா? ஒன்றில் நன்றிகூட இருக்கிறது. இந்தச் செடிகளோடு பழகி நூறு, நூற்றைம்பது வருடம்தான் ஆகிறது. சிலவற்றோடு அதுவும் இல்லை.

உங்கள் ஆடுகள் விஷயத்தில் என் சந்தேகமும் இப்படிப் பெயரில் ஏமாற்றும் ஒரு செடிமேல்தான்: நெய்வேலிக் காட்டாமணக்கு. இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த புனல் மாதிரிப் பூ, இதய வடிவ இலை, உடைத்தால் பால் வரும். ஏரிக்கரை, வாய்க்கால், சாலையோரப் பள்ளம் என்று தண்ணீர் தேங்குகிற இடமெல்லாம் இருக்கும். காட்டாமணக்கு என்று பெயர் இருந்தாலும் ஆமணக்குக் குடும்பத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, சர்க்கரைவள்ளிக் கிழங்கின் இனம்.

இதில் ஸ்வைன்சோனின் என்று ஒரு நஞ்சு இருக்கிறது. அதைச் செடி தானாகச் செய்வதுகூட இல்லை, செடியோடு ஒட்டி வாழும் ஒரு பூஞ்சை செய்கிறது. உடலின் செல்களுக்குள் சில வகைச் சர்க்கரைகளை உடைக்கும் ஒரு நொதியை இந்த நஞ்சு கட்டிப்போட்டுவிடும். உடையாத கழிவு செல்லுக்குள் தேங்கும், முதலில் அடிபடுவது மூளை. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் இதே நஞ்சுள்ள வேறொரு செடியை மேய்ப்பர்கள் 'லோக்கோ' என்கிறார்கள். ஸ்பானிய மொழியில் பைத்தியம் என்று பொருள். அதைத் தின்ற மாடும் குதிரையும் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்து வைத்த பெயர்.

இதில் மோசமானது, ஒருநாள் தின்றால் ஒன்றும் ஆகாது என்பதுதான். இரண்டு நாள் தின்றாலும் ஆகாது. வாரக்கணக்கில் தின்ற பிறகுதான் தலை நடுங்க ஆரம்பிக்கும். அதற்குள் ஆடு அந்தச் செடிக்குப் பழகிவிடும். சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் பார்த்திருக்கிறேன். கட்டுத்தறியில் நல்ல வேப்பந்தழை போட்டிருந்தார்கள். பின்னங்கால் சரியாக ஊன்ற முடியாத ஒரு பெட்டை, அதைத் தாண்டி, கரையில் இருந்த அந்தப் புதரை நோக்கி இழுத்துக்கொண்டு போனது. வைத்திருந்த அம்மா, "எம் வீட்டுக்காரர் சாயங்காலம் கடையப் பாத்துப் போறாப்ல போகுது சார்" என்றார். அதைவிட நன்றாக எந்தப் பாடப்புத்தகமும் விளக்கவில்லை.

சரி, ஆடு முதலில் ஏன் அதைத் தொட்டது? கோடையில் கரையில் வேறு பச்சை கிடையாது. புல் காய்ந்து மண்ணோடு மண்ணாகக் கிடக்கும்போது இது மட்டும் தளதளவென்று நிற்கும். செடி விஷம்தான், ஆனால் ஆட்டை அதன் பக்கம் தள்ளியது பசி. நான் பார்த்த செடி நஞ்சுச் சாவுகளில் பெரும்பாலானவை கோடையிலும், முதல் மழை பெய்த வாரத்திலும் நடந்தவை. மீதியில் பெரும்பங்கு, சந்தையில் வாங்கி வந்த புது உருப்படிகள். தாயோடு மேய்ந்து கற்றது ஒரு ஊரின் செடிகளை, இப்போது நிற்பது இன்னொரு ஊரில்.

இதில் என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அந்தியூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் ஒருவர் சந்தையிலிருந்து ஆறு கிடாரிகளை ஓட்டி வந்திருந்தார். பத்து நாளில் நான்கு படுத்துவிட்டன. கண் மஞ்சள், மூத்திரம் கறுத்த மஞ்சள், சாணி இறுகி ஆட்டுப் புழுக்கை மாதிரி. உடம்பெல்லாம் உண்ணி வேறு. உண்ணிக் காய்ச்சல் என்று முடிவு கட்டி ஊசி போட்டேன். காய்ச்சல் இல்லையே என்று தெர்மாமீட்டர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. மூன்றாம் நாள் மூக்குத் தோல் வெடித்து, காது ஓரம் உரிய ஆரம்பித்தது. மாடுகள் வெயிலைக் கண்டாலே நிழலுக்கு ஓடின. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர், "உண்ணிதானுங்க, ஆனா நீங்க நெனைக்கிற உண்ணி இல்லீங்க" என்று வேலியைக் காட்டினார். உண்ணிச்செடி. அவருடைய மாடுகள் அதே வேலியோரம்தான் மேய்ந்தன, ஒன்றும் அதைத் தொடவில்லை.

உண்ணிச்செடியில் உள்ள லாண்டடீன் என்ற நஞ்சு கல்லீரலில் பித்தநீர் ஓட்டத்தை அடைத்துவிடும். பச்சைத் தழை செரிக்கும்போது உண்டாகும் ஒரு பொருள் வழக்கமாகப் பித்தநீரோடு வெளியேற வேண்டியது, போக வழியில்லாமல் ரத்தத்தில் தங்கி, தோலுக்கடியில் வெயில் பட்டதும் எரிக்கும். தோல் உரிவது அதனால்தான், அது தோல்நோயே இல்லை. கூடவே இரைப்பையின் அசைவும் நின்றுவிடுவதால், தின்ற தழை உள்ளேயே கிடந்து நாள்கணக்கில் நஞ்சை விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் தின்பதை நிறுத்தினால் மட்டும் போதாது. கரித்தூள் மருந்து வாய்வழி ஊற்ற வேண்டும், குளுக்கோஸ் ஏற்ற வேண்டும், இருட்டான கொட்டகையில் கட்ட வேண்டும். தேவைப்பட்டால் வயிற்றைத் திறந்து தழையை வெளியே எடுக்க வேண்டும். அந்த நான்கில் இரண்டைத்தான் காப்பாற்ற முடிந்தது. முதல் நாளே சரியாகப் பார்த்திருந்தால் கணக்கு வேறாக இருந்திருக்கும்.

இந்த உண்ணிச்செடி அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்தது. 1800களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுச்செடியாக வந்து, கொண்டைக்குருவிகளின் எச்சத்தில் நாடெங்கும் பரவியது. இன்று இந்தியாவில் புலிகள் வாழும் காடுகளின் பரப்பில் 40 சதவீதத்துக்கும் மேல் இது இருப்பதாக 2020-இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. அதன் அடியில் புல் முளைக்காது. புல் இல்லாத காட்டில் மானும் காட்டெருமையும் என்ன செய்யும்? யானை தோட்டத்துக்கு வருவதற்குப் பல காரணம் உண்டு, அதில் இதுவும் ஒன்று. "விஷம்" என்று நான் சொல்லும்போது இலையில் உள்ள நஞ்சை மட்டும் சொல்லவில்லை. நல்ல தீனியை அழித்துவிட்டு, தின்னக்கூடாத தன்னை மட்டும் எதிரே நிறுத்துகிறது பாருங்கள், அதையும் சேர்த்துத்தான். ஊடுருவும் செடியும் விஷச்செடியும் இரண்டு தனித்தனி ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். மேய்ச்சல் நிலத்தில் அவை ஒன்றுக்கொன்று வழி விடும்.

(கூடலூர்ப் பக்கம் பழங்குடி மக்கள் இதே உண்ணிச்செடியின் தண்டுகளால் நிஜ அளவு யானைகளைச் செய்கிறார்கள். லண்டனிலும் அமெரிக்காவிலும் அவற்றைக் காட்சிக்கு வைத்தார்கள். யானையின் தீனியைப் பறித்த செடியிலேயே யானை! வெட்டி எடுக்கப்படும் செடிக்கு ஒரு விலை கிடைப்பது நல்லதுதான். ஆனால் காட்டில் இருக்கும் அளவுக்கு எத்தனை யானை செய்வது?)

முதுமலையில் இப்போது பெரிய தலைவலி இன்னொன்று. மஞ்சள் கொன்றை என்று நாளிதழ்களில் வரும் அமெரிக்க மரம், அழகுக்கும் விறகுக்கும் நட்டது. எந்த விலங்கும் தின்பதில்லை. வெட்டிய மரங்களைக் காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள். 2022-இல் தமிழ்நாடு அரசு அந்நிய ஊடுருவும் தாவரங்களை அகற்ற ஒரு தனிக் கொள்கையே வெளியிட்டது.

சீமைக் கருவேலத்துக்கு வருகிறேன். இல்லாவிட்டால் பின்னூட்டத்தில் விடமாட்டீர்கள். இதைப் பற்றிப் பரவும் கதைகளில் பாதி தவறு. காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கும், அதன் நிழலில் கட்டிய மாடு சினை பிடிக்காது என்பதற்கெல்லாம் ஆதாரம் கிடையாது. சினை பிடிக்காததற்கு நான் பார்த்த காரணங்கள் தாது உப்புக் குறைவும், பருவத்தைத் தவறவிடுவதும்தான். காமராஜர் காலத்தில் வந்தது என்பார்கள். அதுவும் சரியில்லை. 1870களிலேயே அன்றைய சென்னை மாகாணத்தில், கடப்பைப் பக்கம் விதைத்துவிட்டார்கள். விறகுக்காகப் பரப்பியது பிறகு தொடர்ந்தது.

உண்மையான கெடுதல் வேறு. முள் குளம்புக்குள் ஒடிந்து சீழ் பிடிக்கும். மூட்டில் ஏறினால் நொண்டி நிரந்தரம். காய் இனிப்பு, நல்ல தீவனமும்கூட. தவிட்டோடு அளவாகக் கலந்து கொடுக்கலாம். அதையே முழுத் தீனியாக மாதக்கணக்கில் கொடுத்தால், மாட்டின் தாடையை அசைக்கும் நரம்பு செல்கள் சிதைந்து, மென்ற தீனி வாயிலிருந்து ஒழுகும், தலையைச் சாய்த்துக்கொண்டு மெல்லும். பிரேசிலில் இதை 'காரா டோர்டா', கோணல் முகம், என்கிறார்கள். அப்புறம், தின்ற ஆடு மாட்டின் சாணத்தில் விதை முளைப்புக்குத் தயாராக வெளியே வரும். மரத்தை ஊரெங்கும் விதைத்தவர்கள் அதிகாரிகள் மட்டுமல்ல, நம் ஆடுகளும்தான். அதே சமயம் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் இந்த மரத்தின் கரிமூட்டத்தை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. உயர்நீதிமன்றம் அகற்றச் சொன்ன நாட்களில் பொக்லைன் வைத்து ஒரே வாரத்தில் பிடுங்கிய இடங்களில், அடுத்த மழைக்கே முளைத்து நின்றதைப் பார்த்தேன். பிடுங்கிய இடத்தில் என்ன வைப்பது என்று யாரும் யோசிக்கவில்லை.

பார்த்தீனியம் பற்றிச் சுருக்கமாக. 1955-இல் புனேயில் கண்டறியப்பட்ட பிறகுதான் இது பேச்சானது. ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை விடும். மாடு இதை விரும்பித் தின்னாது. வேறு வழியில்லாமல் தின்றால் வாயில் புண், பாலில் கசப்பு. ஆனால் இதில் எனக்குக் கவலை மாட்டைவிடக் களை எடுக்கும் பெண்களைப் பற்றித்தான். வெறுங்கையால் பிடுங்குகிறார்கள். முதல் வருடம் ஒன்றும் செய்யாது. மூன்றாவது நான்காவது வருடம் கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பில் அரிப்பும் கறுப்பும் வரும். ஒருமுறை உடம்பு அதை எதிரியாக எடுத்துக்கொண்டுவிட்டால், பிறகு காற்றில் வரும் தூளே போதும். கையுறை போட்டு, பூப்பதற்கு முன், மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். இதைத் தின்னும் மெக்சிகோ வண்டு ஒன்றை 1984-இல் பெங்களூரில் விட்டார்கள். மழைக்காலத்தில் நன்றாக வேலை செய்கிறது, வெயிலில் மண்ணுக்குள் போய்த் தூங்கிவிடுகிறது.

வெளியூர்ச் செடிகளையே குறை சொல்லிக்கொண்டிருந்தால் நியாயமாகாது. நாமே நட்டு வளர்ப்பவை கொன்றதும் நிறைய. வறட்சியில் வாடிய இளஞ்சோளப் பயிர், அறுத்த கட்டையிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பு, மரவள்ளித் தழை, கிழங்குத் தோல், எல்லாவற்றிலும் சயனைடு உண்டாகும். சேலம், நாமக்கல் பக்கம் வேலை பார்த்த எந்தக் கால்நடை மருத்துவரைக் கேட்டாலும் மரவள்ளிக் கதை ஒன்று வைத்திருப்பார். கயிறு அறுத்துக்கொண்டு சோளக்காட்டில் புகுந்த மாடு, வீட்டுக்காரர் போய்ப் பிடிப்பதற்குள் விழுந்துவிடும். ரத்தம் வழக்கத்துக்கு மாறாகப் பளிச்சென்று சிவந்திருக்கும். இதற்கு ஊசி மருந்து உண்டு: சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்பேட். பின்னது பழைய போட்டோ ஸ்டூடியோக்களில் படம் கழுவப் பயன்பட்ட அதே ஹைப்போதான். ஆனால் மருத்துவர் வருகிற வரை மாடு உயிரோடு இருக்க வேண்டும். கதிர் வாங்கும் வரை பச்சைச் சோளத்தட்டு போடாதீர்கள், இல்லையென்றால் வெயிலில் நன்றாகக் காயவைத்துப் போடுங்கள்.

காயவைப்பது எல்லாவற்றுக்கும் உதவாது என்பதற்கு அரளி. பச்சையில் கசப்பால் மாடு ஒதுக்கும். காய்ந்த இலையில் கசப்பு குறையும், நஞ்சு அப்படியே இருக்கும். நெடுஞ்சாலை நடுவில் அரளியை வரிசையாக நடுவதற்கு ஒரு காரணமே ஆடு மாடு தின்னாது என்பதுதான். அந்த ஏற்பாடு சரிதான், கத்தரித்த கிளையை எங்கே போடுகிறார்கள் என்பதில்தான் பிரச்சினை. ஒரு பெரிய பங்களாவின் மதிலுக்கு வெளியே கத்தரித்துப் போட்ட அரளியை, மற்ற தழைகளோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போய்த் தன் கறவைக்குப் போட்ட ஒருவர், மறுநாள் காலை பால் கறக்கச் சொம்போடு போய், செத்துக் கிடந்த மாட்டைத்தான் பார்த்தார். இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு, சத்தமே இருக்காது. அவர் மாட்டுக்குத் தெரியாதா என்று கேட்கவில்லை. "நானே ஊட்டிட்டனே" என்றார்.

மனிதருக்கும் அதே நஞ்சு அதே இதயத்தில்தான் வேலை செய்கிறது. 2024-இல் கேரளத்தில் இளம்பெண் ஒருவர் இறந்ததற்கு அரளி காரணமாகச் சொல்லப்பட்டதும், அங்குள்ள தேவசம் வாரியங்கள் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைச் சேர்ப்பதை நிறுத்தின. மாலை கட்டுவதிலும் அர்ச்சனையிலும் எனக்கு மறுப்பில்லை. சேலம் பனமரத்துப்பட்டியில் அரளி ஒரு முழுப் பிழைப்பு. கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள், பூவைச் சர்க்கரைப் பொங்கலில் செருகாதீர்கள், அவ்வளவுதான்.

குழந்தைகள் விஷயத்தில் நான் முதலில் சொல்வது காட்டாமணக்கு. இது நிஜக் காட்டாமணக்கு, வேலியில் நிற்பது. 2000களில் டீசல் மரம் என்று சொல்லி ஏக்கர் கணக்கில் நடச் சொன்னார்கள். டீசல் வரவில்லை, செடி மட்டும் வேலியோரத்தில் நின்றுவிட்டது. அதன் பருப்பு நிலக்கடலை மாதிரி ருசிக்கும். ஒரு பையன் தின்றால் கூட்டமே தின்னும். அதனால்தான் "பள்ளி மாணவர்கள் பத்துப் பேருக்கு வாந்தி, மயக்கம்" என்று செய்தி கூட்டமாகவே வருகிறது. பெரும்பாலும் குளுக்கோஸ் ஏற்றினால் தேறிவிடுவார்கள். அதற்காக வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

செங்காந்தள் நம் மாநிலப் பூ. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பந்தல் போட்டு வளர்க்கிறார்கள், விதை மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது, நல்ல விலை. செடியின் எல்லாப் பகுதியிலும், முக்கியமாகக் கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் இருக்கிறது. செல் பிரிவதையே நிறுத்தும் நஞ்சு. சர்க்கரைவள்ளி என்று நினைத்துக் கிழங்கைத் தின்றவர்கள் உண்டு. முதலில் வெறும் வாந்தி பேதி மாதிரி இருக்கும், சாதாரண ஒவ்வாமை என்று விட்டுவிடுவார்கள், அதற்குள் ரத்த அணுக்களும் உறுப்புகளும் அடிபடும். பிழைத்தவர்களுக்கு ஓரிரு வாரத்தில் தலைமுடி கொத்தாகக் கொட்டும். கிழங்கைக் காட்டில் பறித்துப் போடும் நாட்களில் ஆடு மாட்டை அந்தப் பக்கம் விடாதீர்கள், குழந்தைகளைக் கிழங்கு பொறுக்கவும் விடாதீர்கள்.

இதையெல்லாம்விட என்னைத் தொந்தரவு செய்வது, "மூலிகைதானே, இயற்கைதானே" என்ற பேச்சு. தொடக்கத்தில் சொன்ன ஆடுதீண்டாப்பாளையையே எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சிக்கடிக்கும் குடற்புழுவுக்கும் என்று சொல்லி அதன் சாற்றைக் குடிக்கக் கொடுப்பவர்கள் இன்றும் உண்டு. அதில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கும் மாத்திரையில் இதே குடும்பத்துச் செடி ஒன்று தவறுதலாகச் சேர்ந்துவிட, நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. சிலருக்குப் பிறகு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அந்த அமிலம் புற்றுநோய் உண்டாக்கும் என்பதில் இன்று சந்தேகமே இல்லை. ஆடு தீண்டாது என்று பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், படித்துவிட்டு நாம் குடிக்கிறோம்! அந்தச் செடியை அழிக்க வேண்டியதும் இல்லை. சில வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடுவதே அதில்தான். அதன் புழு நஞ்சைத் தின்று உடம்பில் சேர்த்துக்கொண்டு, பறவைகளிடமிருந்து தப்பிக்கிறது.

காலையில் குடிக்கும் சுரைக்காய்ச் சாறும் இதே வகைதான். நல்ல சுரைக்காயால் கெடுதல் இல்லை. கசக்கும் சுரைக்காய், வெள்ளரி, பீர்க்கு எதுவானாலும் துப்பிவிடுங்கள். மருந்து கசக்கத்தான் செய்யும் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்து, ரத்த வாந்தி எடுத்து உயிர்விட்டவர்கள் இருக்கிறார்கள்.

யாராவது எதையாவது தின்றுவிட்டால்: உப்புக் கரைசல், புளித்தண்ணீர், முட்டை எதையும் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், புரையேறினால் அது தனி ஆபத்து. 108-ஐக் கூப்பிடுங்கள். தின்ற செடியில் ஒரு கிளையை, காய், பூவோடு, பையில் போட்டு எடுத்துப் போங்கள். "ஏதோ காய்" என்று சொன்னால் மருத்துவர் இருட்டில்தான் தேட வேண்டும். அரளி என்றால் வாந்தி நின்று தெளிவாகப் பேசினாலும் வீட்டுக்குக் கூட்டி வராதீர்கள். இதயத் துடிப்பு பிறகுதான் தடுமாற ஆரம்பிக்கும், இசிஜி மாட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆடு மாட்டுக்கு என்றால் 1962-ஐக் கூப்பிடுங்கள்.

இனி உங்கள் ஆடுகள். கரையில் நிற்பது நான் சொன்ன ஊதாப்பூச் செடிதானா என்று முதலில் பாருங்கள். அதுவாக இருந்தால், மீதி ஆடுகளை இன்றே அங்கிருந்து கிளப்பிவிடுங்கள். தலை நடுக்கம் லேசாகத் தொடங்கியவை நல்ல தீனியில் சில வாரங்களில் தேறலாம். பின்னங்கால் போனவை முழுதாகத் திரும்பாது, சினை ஆடுகளில் குட்டி விழவும் வாய்ப்பு உண்டு. உடனே சோதித்துப் பார்க்க வேண்டும் என்றால், ஆட்டின் தலையைச் சற்று நேரம் உயர்த்திப் பிடித்து, பிறகு விட்டுவிடுங்கள், பாதிக்கப்பட்டது தடுமாறி விழும். ஆனால் தலையாட்டலும் தள்ளாட்டமும் வேறு நோயிலும் வரும். வெறிநோயும் அதில் ஒன்று. அதனால் வாய்க்குள் கைவிடாதீர்கள், இன்னொன்று செத்தால் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டுப் பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

செடியை வெட்டிக் குளத்தில் தள்ளிவிடாதீர்கள். ஒவ்வொரு தண்டுத் துண்டும் வேர் விடும், அடுத்த வருடம் எதிர்க்கரையிலும் நிற்கும். தண்ணீர் வற்றும் மாதத்தில் வேரோடு தோண்டி, மேட்டில் போட்டு நன்றாகக் காயவிட்டு அழியுங்கள். உண்ணிச்செடியாக இருந்தால் மண்ணுக்குச் சற்றுக் கீழே வேர்த்தண்டை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். பிறகு இரண்டு மழைக்காலம், பறவைகள் உட்காரும் மரத்தடியில் நாற்று முளைக்கிறதா என்று பார்த்துப் பிடுங்க வேண்டும்.

காலியான இடத்தில் கொழுக்கட்டைப் புல் விதையைத் தூவுங்கள். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் கிளுவை வேலிக்குள் அந்தப் புல்லும் வெள்வேல மரமும்தான் இருக்கும். வறண்ட பூமிதான், ஆனால் அந்த வேலிக்குள் மேய்ந்த மாட்டுக்குச் செடி விஷம் என்று என்னை யாரும் இரவில் எழுப்பியதாக நினைவில்லை. புல் வருகிற வரை கோடைக்கு அகத்தி, சூபாபுல், வேலிமசால் ஏதாவது ஒன்றை வீட்டோரம் நட்டு வையுங்கள் (சூபாபுல் தழையை மற்றதோடு கலந்து, தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல்). புதிதாக ஆடு வாங்கினால், வயிறு நிறையத் தீனி போட்ட பிறகே முதல் ஒரு வாரம் கரைப்பக்கம் ஓட்டுங்கள். செடியின் படத்தைப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். பூவோடு எடுங்கள், இலையை மட்டும் எடுத்தால் எனக்கும் குழம்பும்.